"என்ன குரூப்பு?"

மதுரை செல்லூரில் மே மாதம் பாதியைத் தாண்டினால் தெருவில் நலம் விசாரிக்கும் சொல் மாறிவிடும். "சாப்ட்டாச்சா" போய் "என்ன குரூப்பு?" வந்து உட்கார்ந்துகொள்ளும். அகிம்சாபுரத்து டீக்கடையில் கேட்பார்கள். 60 அடி ரோட்டு ஜெராக்ஸ் கடையில் கேட்பார்கள். திருவாப்புடையார் கோயிலுக்குப் பிரதோஷம் பார்க்க வந்த பாட்டி, நந்திக்குப் பாலாபிஷேகம் முடிவதற்குள் பக்கத்தில் நிற்கும் பையனிடம் கேட்டுவிடுவார். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாளிலிருந்து (2025-ல் அது மே 16, மாநிலத் தேர்ச்சி 93.80 சதவீதம்) பள்ளிக்கூடம் திறக்கும் வரை ஊருக்கு வேறு பேச்சு கிடையாது.

பதிலுக்கு ஏற்றபடி கேட்டவர் முகம் மாறுவதைப் பார்க்கவேண்டும். "பயோ-மேத்ஸ்" என்றால் புருவம் உயரும், "டாக்டருக்கா?" என்று அடுத்த கேள்வி வரும். "கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்றால் ஒரு தலையாட்டல். "ப்யூர் சயின்ஸ்" என்றால், "ஏன், கணக்கு வராதா?" "காமர்ஸ்" என்றால் மார்க் எவ்வளவு என்று குரல் இறங்கும். "வொகேஷனல்" என்று சொன்னால் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்கு இது நடந்தபோது என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. பத்தாவதில் கணக்கில் 58. நான் சேர்ந்த பள்ளியில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆசிரியர் மார்க் ஷீட்டை ஒரு தடவை பார்த்தார், விண்ணப்பத்தில் தாமே 'ப்யூர் சயின்ஸ்' என்று எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்கும் அப்போது நிம்மதிதான். இனி கணக்கு இல்லை! கல்லூரிக்குப் போய், கணக்கு இல்லாமல் எந்தெந்தத் துறையின் வாசலில்கூட நிற்க முடியாது என்று தெரிந்தபோதுதான் அந்த இரண்டு நிமிடத்தின் விலை புரிந்தது.

ஆகவே இந்தக் கட்டுரையில் 'எந்தக் குரூப் சிறந்தது' என்று சொல்லப்போவதில்லை. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "நீ என்ன ஆகப்போகிறாய்?" என்று கேட்பதே தப்பான கேள்வி. அதற்கு உண்மையான பதில் பெரும்பாலும் "தெரியல"தான். கேட்கவேண்டியது வேறு: இந்தக் குரூப்பை எடுத்தால் எந்த வாசல் சாத்தப்படும்? சாத்தியதைப் பிறகு திறக்க முடியுமா?

600 மார்க்குக்குள்

பிளஸ் டூ இப்போது 600 மார்க். 2018 வரை 1,200 ஆக இருந்ததைப் பாதியாகக் குறைத்தார்கள். மாநில ரேங்க் அறிவிப்பது 2017-லேயே நின்றது. ஆறு தாள்: தமிழ், ஆங்கிலம், பிறகு நான்கு பாடம். இந்த நான்கின் சேர்க்கைதான் குரூப்பு. இயற்பியலும் வேதியியலும் அறிவியல் குரூப்புகள் எல்லாவற்றுக்கும் பொது. அவற்றோடு கணக்கும் உயிரியலும் சேர்ந்தால் பயோ-மேத்ஸ், பழைய ஆட்கள் வாயில் 'ஃபர்ஸ்ட் குரூப்'. கணக்கும் கணினி அறிவியலும் சேர்ந்தால் கம்ப்யூட்டர் குரூப். தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடமாக வந்தால் ப்யூர் சயின்ஸ்.

செய்முறை உள்ள பாடத்தில் 70 மார்க் எழுத்துத் தேர்வு, 20 செய்முறை, 10 அகமதிப்பீடு. பயோ-மேத்ஸ் பிள்ளைக்கு உயிரியல் ஒரே தாள். ஆனால் அதற்குள் பாதி தாவரம், பாதி விலங்கு, புத்தகமும் இரண்டு. "ஒரு சப்ஜெக்ட்ன்னு சொல்லி ரெண்டு தலையில கட்டுறாங்க" என்ற புலம்பலில் நியாயம் உண்டு. இந்த நான்கு பாடச் சுமையைக் குறைக்க 2019-ல் அரசு ஒரு யோசனை சொன்னது: பொறியியல் போகிறவர் கணக்கு, இயற்பியல், வேதியியலோடு நிறுத்தலாம், மருத்துவம் போகிறவர் உயிரியல், இயற்பியல், வேதியியலோடு நிறுத்தலாம் என்று. நல்லவேளை, அது நடைமுறைக்கு வராமலே கைவிடப்பட்டது. பதினைந்து வயதில் ஒரு வாசலைச் சாத்துவதே பெரிய காரியம். சுமையைக் குறைக்கிறேன் என்று இன்னொன்றையும் சாத்தச் சொன்ன திட்டம் அது.

இதெல்லாம் தாளில் உள்ள குரூப்புகள். பள்ளிக்கூடப் பலகையில் இருப்பவை வேறு. ஒரு குரூப் நடக்க முதுகலை ஆசிரியர் பணியிடங்கள் வேண்டும், ஆய்வகம் வேண்டும், பிள்ளைகள் எண்ணிக்கை வேண்டும். எல்லாப் பள்ளியிலும் எல்லாம் இருக்காது. மதுரை மாநகராட்சிப் பெண்கள் பள்ளிகளுக்கு ஔவை, வெள்ளிவீதியார், காக்கைப்பாடினியார், பொன்முடியார் என்று சங்கப் பெண்பாற் புலவர்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். இந்த ஊர் செய்த அழகான காரியங்களில் ஒன்று. வெள்ளிவீதியாரில் சேர்த்திருக்கிறேன் என்று ஒரு தறிக்காரர் சொல்லும்போது இரண்டாயிரம் வருஷத்தை அவர் அறியாமலே வாயில் வைத்திருக்கிறார். ஆனால் பெயர் பார்த்துச் சேர்க்க முடியாது. பிள்ளைக்கு வேண்டிய குரூப் அங்கே இருக்கிறதா, அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் பணியில் இருக்கிறாரா என்று நேரில் போய்க் கேட்கவேண்டும். விண்ணப்பம் வாங்கும்போதே கேட்கவேண்டும். ஜூலையில் கேட்டுப் பயனில்லை.

மார்க் கணக்கு ஒன்று வாய்வழியாக ஓடும். 400-க்கு மேல் என்றால் பயோ-மேத்ஸ், 350 என்றால் இது, அதற்குக் கீழே என்றால் அது என்று. பள்ளிக்குப் பள்ளி, வருஷத்துக்கு வருஷம் மாறும் கணக்கு இது. இதைச் சட்டம் என்று நம்பி வாசலிலேயே திரும்பிவந்த அம்மாக்கள் உண்டு. தலைமையாசிரியர் அறைக்குள் போய், "என் பிள்ளைக்குக் கணக்கு குடுங்க சார், நாங்க பாத்துக்கிறோம்" என்று கேட்டு வாங்கிய அம்மாக்களும் உண்டு.

எந்த வாசல் சாத்தும்?

கணக்கை விட்டால் பொறியியல் போகும். அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200-ல் பாதி கணக்குதான். இயற்பியல் 50, வேதியியல் 50. 2007-க்கு முன்பு நுழைவுத் தேர்வும் இருந்தது, இப்போது பிளஸ் டூ மார்க் மட்டுமே. கட்டடக்கலை போகும். கப்பல் அதிகாரி படிப்பு போகும். தேசியப் பாதுகாப்பு அகாடமியில் விமானப்படையும் கடற்படையும் போகும். பி.எஸ்சி. கணக்கும் புள்ளியியலும் போகும். இயற்பியலும் பெரும்பாலான கல்லூரிகளில் போய்விடும்.

உயிரியலை விட்டால் மருத்துவம், கால்நடை மருத்துவம், செவிலியர் படிப்பு போகும். ஆனால் இங்கே ஒரு மாற்றம் வந்திருக்கிறது, செல்லூர் பக்கம் பலருக்கு அது எட்டவில்லை. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: பிளஸ் டூவில் உயிரியல் படிக்காதவரும் பிறகு அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம். அதாவது உயிரியல் வாசல் சாத்தினாலும் தாழ்ப்பாள் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஒரு பாடத்தை மட்டும் எழுதும் வசதி கணக்குக்கும் உண்டு. ஆனால் இரண்டு வருஷம் கைவிட்ட கணக்கைத் தனியே உட்கார்ந்து பிடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. உயிரியலை வாசித்துப் பிடிக்கலாம். கணக்கைப் போட்டுப் போட்டுத்தான் பிடிக்க முடியும், பக்கத்தில் ஒருவர் இல்லாமல் அது நடப்பது கஷ்டம்.

எனவே பயத்தில் கணக்கை விடவேண்டாம் என்பது என் கட்சி. 58 வாங்கிய பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கௌரவத்துக்காகப் பயோ-மேத்ஸ் எடுக்கவேண்டாம் என்பதும் அதே கட்சியின் இன்னொரு தீர்மானம். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கும் பையன், கணக்கில் கெட்டிக்காரன், 'ஃபர்ஸ்ட் குரூப்' என்று சொல்லிக்கொள்வதற்காக இரண்டு உயிரியல் புத்தகத்தைச் சுமப்பதில் என்ன இருக்கிறது?

நீட்டைக் கண்டு உயிரியலையே வேண்டாம் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்கள் பிளஸ் டூ மார்க்கை வைத்தே நிரப்பப்படுகின்றன. மதுரைக்கு அடுத்த தேனியிலேயே அதற்குக் கல்லூரி இருக்கிறது. வேளாண்மையும் பிளஸ் டூ மார்க்தான். ஒத்தக்கடையில் 1965 முதல் இருக்கிற வேளாண் கல்லூரிக்கு செல்லூரிலிருந்து ஒரு பஸ் மாறினால் போய்விடலாம். பி.பார்ம்.முக்கு இயற்பியல், வேதியியலோடு கணக்கு இருந்தாலும் சரி, உயிரியல் இருந்தாலும் சரி. மாறாக, "எம்.பி.பி.எஸ். கிடைக்கலேன்னா சித்தா சேத்துரலாம்" என்று நினைத்திருக்கும் வீடுகளுக்கு: அதற்கும் நீட் வேண்டும்.

எந்தக் குரூப்பிலிருந்தும் போகக்கூடிய அறிவியல் வாசல் ஒன்றும் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய தரவு அறிவியல் பி.எஸ். படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் டூவில் எந்தப் பிரிவில் தேறியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். சில வாரப் பாடத்தைப் படித்து ஒரு தகுதித் தேர்வு எழுதித்தான் உள்ளே போகவேண்டும். காமர்ஸ் படித்த பிள்ளைக்கும் இது திறந்திருக்கிறது. உள்ளே போனபின் கணக்கு விடாது, அது வேறு.

தெர்மாகோல்

செல்லூர் என்று வெளியூரில் சொன்னால் ஒரு சிரிப்பு வரும், அதைச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி அறிவியல் கட்டுரை எழுதுவது நேர்மையாகாது. 2017 ஏப்ரலில், அப்போது அமைச்சராக இருந்த செல்லூர் கே.ராஜு, வைகை அணையில் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். காற்று அவற்றைக் கரைக்கு ஒதுக்கிவிட்டது. தமிழ்நாடு முழுக்கச் சிரித்தது; மீம் போடுகிறவர்களுக்கு அந்த வருஷம் முழுக்கத் தீபாவளி.

சிரித்தது சரி. ஏன் ஒதுங்கியது என்று கேட்டோமா? நீர்த்தேக்கத்தை மிதக்கும் பொருளால் மூடுவது பைத்தியக்கார யோசனை அல்ல. 2015-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தன் குடிநீர்த் தேக்கத்தில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டியது. அவை பறக்கவில்லை, உள்ளே கொஞ்சம் தண்ணீர் நிரப்பிக் கனம் ஏற்றியிருந்தார்கள். தெர்மாகோலில் பெரும்பகுதி காற்று. எடையே இல்லாமல் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் காற்றுக்கு அது பாய்மரம். இது இயற்பியல். லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள் பந்து போட்டதற்கு முக்கியக் காரணம் ஆவியாவதுகூட இல்லை. தண்ணீரில் இருக்கும் புரோமைடு, கிருமிக்காகப் போடும் குளோரின், மேலே விழும் வெயில் மூன்றும் சேர்ந்தால் புரோமேட் என்ற கெட்ட பொருள் உண்டாகும். வெயிலை மறைத்தால் அது குறையும். இது வேதியியல். வெயில் போனால் பாசியும் குறையும். இது உயிரியல். எத்தனை பந்து வேண்டும் என்பது கணக்கு. நான்கு பாடமும் ஒரு குளத்துக்குள் கிடக்கின்றன. எந்தக் குரூப் எடுத்தாலும் அதில் ஏதோ ஒரு பாடத்தை வெளியே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போகிறோம்.

அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். 2024 அக்டோபர் மழையில் செல்லூர் கண்மாய்த் தண்ணீர் பந்தல்குடி வாய்க்காலில் அடங்காமல் தெருவுக்குள் வந்து வீடுகளில் ஏறியது இந்தப் பிள்ளைகளின் பள்ளிப் பைகளை நனைத்த விஷயம். ஒரு வாய்க்கால் விநாடிக்கு எவ்வளவு தண்ணீரைக் கடத்தும் என்பதை அதன் அகலம், ஆழம், சரிவு, கரையின் சொரசொரப்பு நான்கும் தீர்மானிக்கின்றன. ஆகாயத்தாமரை மண்டினால் ஏன் குறையும், சாக்கடை கலந்தால் ஆகாயத்தாமரை ஏன் மண்டும் என்று கேட்டுக்கொண்டே போகலாம். பிளஸ் டூ படிக்கிற பிள்ளையால் இந்தக் கணக்கில் பாதியைப் போட முடியும். 'அறிவியல் படித்து என்ன செய்ய?' என்று கேட்கிறவர்களை ஒரு மழை நாளில் வாய்க்கால் ஓரம் கூட்டிப்போகலாம்.

இல்லையென்றால் கீழடிக்குக் கூட்டிப்போகலாம். 2015-ல் தோண்ட ஆரம்பித்த இடத்தில் 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள். பள்ளிச் சுற்றுலா போன பிள்ளைகள் பானை ஓட்டையும் பாசிமணியையும் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வரலாறு" என்று சொல்லி வருகிறார்கள். அதன் காலத்தைச் சொன்னது யார்? அமெரிக்காவின் ஃபுளோரிடா ஆய்வகத்துக்கு அனுப்பிய கரித்துண்டு. கார்பன் 14 என்ற அணு எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று எண்ணிச் சொன்னார்கள். எலும்பில் மரபணு தேடும் வேலையில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. டாக்டர், இன்ஜினியர் என்ற இரண்டு சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கும் வீட்டுக்கு, 'தொல்மரபியல்' என்று ஒரு வேலை பக்கத்து ஊரில் நடக்கிறது என்று சொன்னால் நம்புவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

வெயிலைப் பற்றிப் பேசுகிற குரூப்

வொகேஷனல் என்றதும் பேச்சை மாற்றுகிறார்களே, அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1964-66 கோத்தாரி குழு 10+2+3 என்ற அமைப்பைச் சொன்னது. தமிழ்நாட்டில் பி.யூ.சி. போய் மேல்நிலைப் பள்ளி வந்தது 1978-ல். அதே ஆண்டில், பள்ளி மேல்நிலைக் கல்வி பற்றிய தேசியக் குழுவின் அறிக்கையும் வந்தது. அதற்குத் தலைவர் ஒரு தமிழர், வேலூரில் பிறந்து யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்த மால்கம் ஆதிசேஷையா. 'செய்யக் கற்றல்' என்று பொருள்படும் தலைப்பே வைத்தார். பிளஸ் டூ என்பது கல்லூரிக்கு ஏறும் படிக்கட்டு மட்டும் அல்ல, கையில் ஒரு தொழிலோடு வெளியே வரும் வாசலும்தான் என்பது அந்த யோசனையின் உயிர். நர்சிங், வேளாண்மை, ஆடை வடிவமைப்பு, எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் என்று தொழிற்பிரிவுகள் வந்தன.

நடந்தது என்ன? மார்க் குறைந்தவர்களை அனுப்பும் இடமாக அது ஆனது. தறிச்சத்தத்தில் கண்விழித்த ஊர் இது. நூல் எண், சாயக் கணக்கு, பாவின் நீளம் எல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தவர்கள் வாழ்ந்த தெருக்கள். தொழிலைப் பள்ளிக்கூடத்தில் கற்பது மதிப்பான காரியம் என்று நம்பியிருக்கவேண்டிய முதல் ஊர். அவர்களே "தறியில நான் பட்டது போதும், நீயாவது உக்காந்து வேல பாரு" என்றுதான் பிள்ளைகளை அனுப்பினார்கள். அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. கைத்தொழிலுக்குக் கூலி கொடுக்காத நாடு, கைத்தொழில் படிப்புக்கு மட்டும் மதிப்பு வேண்டும் என்று கேட்க முடியாது.

ஆனாலும் விவரம் தெரிந்திருப்பது நல்லது. தொழிற்பிரிவில் படித்தவர்களுக்கும் பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. வேளாண் தொழிற்பிரிவிலிருந்து வேளாண் பட்டப்படிப்புக்குப் போகலாம். பிளஸ் டூவே வேண்டாம், கை வேலைதான் பிடிக்கும் என்கிற பிள்ளை பத்தாவதோடு பாலிடெக்னிக்கில் மூன்று வருஷ டிப்ளமோ முடித்துவிட்டு, நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். அந்தப் பிள்ளை ஒரு வருஷத்தையும் இழப்பதில்லை.

செல்லூர்ப் பெண் பிள்ளைகளுக்குப் பழக்கமான இன்னொரு வழி அண்ணா நகரில் இருக்கிறது. டாக்டர் கோ.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, கண் பரிசோதனையிலும் அறுவைக் கூடத்திலும் நிறுத்தியது. உலகம் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போகிற அந்த மருத்துவமனையின் வேகம் பாதிக்குமேல் அந்தப் பெண்களின் கையில் இருக்கிறது.

பள்ளி மாற்றுவதற்கு முன்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியை வெட்டி வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வெட்டிக்கொள்ளுங்கள். பத்தாவது வரை மாநகராட்சிப் பள்ளியில் படித்த பிள்ளை 450 வாங்கிவிட்டால், உடனே வீட்டில் ஒரு பரபரப்பு வரும். "நீட்டு கோச்சிங்கோட சேத்துக் குடுக்குறாங்களாம்" என்று தனியார் பள்ளிக்கு மாற்றக் கடன் வாங்குவார்கள். ஆனால் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும். மாநகராட்சிப் பள்ளியும் அதில் சேர்த்திதான். பிளஸ் ஒன்னில் மாறினால் அந்த உரிமை அங்கேயே முடிந்தது. இந்த ஒதுக்கீட்டுக்கு முந்தைய ஆண்டுகளில் எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம்; ஒதுக்கீடு வந்த 2020-ல் மட்டும் 313 எம்.பி.பி.எஸ்., 92 பி.டி.எஸ். இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் என்று மற்ற தொழிற்படிப்புகளுக்கும் அது நீண்டது; அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அதற்குமேல் 2022 முதல் பெண்களுக்குப் புதுமைப்பெண், 2024 முதல் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய்.

கடன் வாங்கிக் கட்டும் கட்டணம் ஒரு பக்கம், கைவிடும் உரிமை ஒரு பக்கம் வைத்துத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பனகல் ரோட்டில் அரசு மருத்துவமனையும் 1954-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் கோரிப்பாளையம் பஸ் ஸ்டாப்பில் நிற்பதைச் செல்லூர்ப் பெற்றோர் தினம் பார்க்கிறார்கள். பக்கத்தில் இருப்பதாலேயே கனவு கொஞ்சம் பக்கத்தில் தெரிகிறது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நீட்டில் 180 கேள்வி. 90 உயிரியல், 45 இயற்பியல், 45 வேதியியல். கேள்விகள் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் வருகின்றன. இங்கேதான் பழைய ஒரு நோய். பல பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்காமலே இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்தன. அதை நிறுத்தத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து பாடப்புத்தகமும் புதிதாயிற்று, மு.ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் வந்த அந்தப் புத்தகங்கள் கனமானவை, தரமானவை. கம்ப்யூட்டர் குரூப்பில் ஸ்டார் ஆபீஸ் போய்ப் பைத்தான் வந்ததே ஒரு தலைமுறை தாண்டல். 2025 ஆகஸ்டில் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத் தேர்வு மறுபடி போய்விட்டது. பிள்ளைகளுக்கு ஒரு மூச்சு கிடைத்தது என்பது உண்மை. பழைய நோய் திரும்பிவிடுமோ என்பது என் பயம். ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் பிள்ளையின் பையைத் திறந்து எந்த வகுப்புப் புத்தகம் கசங்கியிருக்கிறது என்று பார்த்தால் பெற்றோருக்கே தெரிந்துவிடும்.

தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா என்பது பிளஸ் ஒன்னில் வரும் இரண்டாவது பதற்றம். பத்து வருஷம் 'திசைவேகம்' என்று படித்த பிள்ளையை ஜூன் மாதம் திடீரென்று ஆங்கிலத்தில் மாற்றினால், காலாண்டுத் தேர்வு வரை அந்தப் பிள்ளை இயற்பியல் படிக்காது, அகராதிதான் படிக்கும். கல்லூரியில் எப்படியும் ஆங்கிலம் வரப்போகிறது, அப்போதைக்கு இப்போதே என்பதிலும் அர்த்தம் இருக்கிறது. ஆனால் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது என்பதையும் அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழில் நடத்துகிறது என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம். நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இரண்டு மொழிப் புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க இடம் இருக்கிறது, மின்விசிறிக்குப் பதில் ஏ.சி.யும் இருக்கிறது.

ஜூனில் பள்ளி திறந்ததும் பிளஸ் ஒன் இயற்பியலில் முதல் பாடம் அளவீட்டியல். திருகு அளவி ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்திலேயே படமாக வந்துவிடும். பல பிள்ளைகளுக்குக் கையில் கிடைப்பது இப்போதுதான். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கும். கம்பியை வைத்துத் திருகி, 'கிரிக்' என்று சத்தம் வந்ததும் அளவைப் படிப்பார்கள்.

தறி வீட்டுப் பிள்ளை கம்பியோடு நிற்காமல் 80-ஆம் நம்பர் நூல் ஒன்றையும் வைத்துப் பார்க்கலாம். கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வரும். பஞ்சு நூல் நசுங்கும். திருகத் திருக மெலியும். தாத்தாவிடம் கேட்டால் நூலின் கனத்தை யாரும் அளப்பதில்லை என்பார். நம்பர் என்பது வேறு கணக்கு: 840 கஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை சேர்ந்தால் 1 பவுண்டு எடை வருமோ அதுதான் நம்பர். 80-ஆம் நம்பர் என்றால் 1 பவுண்டுக்கு 67,200 கஜம், 61 கிலோமீட்டர்; செல்லூரில் ஒரு முனையைக் கட்டிவிட்டுப் போனால் ஏறக்குறைய திண்டுக்கல் வந்துவிடும். நசுங்குகிற பொருளுக்குத் திருகு அளவி உதவாது என்று கண்டு, நீளத்தையும் எடையையும் பிடித்துக்கொண்ட கணக்கு அது. அதை ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதலாமா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்கவேண்டும்.